ஓவியத்தின் மூலையில் ஒரு கணக்கு

குடியை நிறுத்த என்னிடம் சிகிச்சைக்கு வருவோரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, அன்றன்று குடித்ததையும் குடிக்காததையும் எழுதச் சொல்வது என் வழக்கம். ஒருவர் இரண்டு மாதம் ஒழுங்காக எழுதிவிட்டு, சறுக்கிய வாரத்தின் தாளை மட்டும் கிழித்துவிட்டு வந்தார். தையலோரம் ஒரு கீற்றுத் தாள் நின்றிருந்தது. அவரிடம் போலந்து ஓவியர் வித்காத்சியைப் பற்றிச் சொன்னேன்.

1885இல் வார்சாவில் பிறந்து, ஸாகோபானே மலையூரில் வளர்ந்தவர் ஸ்தனிஸ்வாவ் இக்னாத்சி வித்கியேவிச்; வித்காத்சி என்பது அவருடைய புனைபெயர். 1914இல் மணமுடிக்கவிருந்த பெண் தற்கொலை செய்துகொண்டபின், மானிடவியலாளரான நண்பர் மலினோவ்ஸ்கியுடன் இலங்கை வழியாக ஆஸ்திரேலியா சென்றார். போர் மூண்டதும் திரும்பி ரஷ்யப் படையில் சேர்ந்து காயமுற்றார். விடுதலை பெற்ற போலந்தில், 1920களின் நடுவில் எண்ணெய் ஓவியத்தைக் கைவிட்டு, பிழைப்புக்காக உருவப்பட 'நிறுவனம்' ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர் படத்தைக் குறைசொல்லவே கூடாது என்பது அதன் அச்சிட்ட விதிகளில் ஒன்று. (மருத்துவர்களுக்கும் அப்படியொரு விதி இருந்தால் நன்றாயிருக்கும்.)

அவருடைய பாஸ்டல் (வண்ணச் சுண்ணக்குச்சி) படங்களில் கையொப்பத்தின் அருகே சுருக்கெழுத்துகள் காணப்படும். வரையும்போது உட்கொண்டது மதுவா, கோக்கைனா, வெறும் தேநீரா என்பதோடு, புகைக்காமல் எத்தனை நாள், குடிக்காமல் எத்தனை நாள் என்ற கணக்கும் அங்கே இருக்கும். அதாவது, மீண்டும் மீண்டும் விட்டவர், மீண்டும் மீண்டும் தொட்டவர், இரண்டையும் மறைக்காதவர்.

போதை இல்லாவிட்டால் கலை வராது என்று என்னிடம் வாதாடும் இளைஞர்கள் இவரைத்தான் சான்று காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய 1928ஆம் ஆண்டு விதிகளோ, மதுவும் போதைப்பொருளும் கொண்டு வரையும் வகையைத் தனியே பிரித்து, 'தற்போது இல்லை' என ஒதுக்கிவைக்கின்றன. கூலிக்கு வரைந்தவை பிற வகைகளே. 1932இல் போதைப்பொருள்கள் பற்றி அவர் வெளியிட்ட நூலில், ஊரெல்லாம் சாதாரணமாக நினைத்த புகையிலையையும் மதுவையும் கடுமையாகச் சாடினார்.

1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. மறுநாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை ஒரே காரணத்தில் அடக்கிச் சொல்ல என் தொழில் அறிவு இடம்தரவில்லை.

அந்த நோயாளர் அடுத்த முறை அதே நோட்டைத்தான் கொண்டுவந்தார். கிழிந்த ஓரத்தில் நான்கு நாள்களின் அளவைப் பொடியெழுத்தில் மில்லியில் குறித்திருந்தார். ஐந்தாம் நாள் எவ்வளவு என்று நினைவில்லை என்றார். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.