கிட்டாரின் வாயருகே ஒரு தீப்பெட்டி

இரவு பதினொன்றரை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு முதல் மாடி. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடுவார். ஹாலில் தம்பி மகன் எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கேட்பதெல்லாம் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை, பிக், கம்பியில் படுகிற ‘டிக் டிக்’ சத்தம், கூடவே கொசு பறப்பதுபோல மெல்லிய ரீங்காரம். அவன் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்குள்ளோ ஒரு மைதானமே அதிர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு டப்பா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கேபிள் கிடையாது, கிட்டாரின் ஜாக் துளையில் நேராகச் செருகிக்கொண்டு நிற்கிறது.

“பெரியப்பா, இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?” என்று ஒரு நாள் கேட்டான். திருகைக் கழற்றித் திறந்து காட்டினேன். விரல் நீள போர்டு, ஐசி ஒன்றிரண்டு, மிளகு அளவில் மின்தேக்கிகள், இரண்டு டயோடு. அவ்வளவுதான். ஏமாந்துபோனான். உண்மையில் அந்த டப்பாவில் வியக்க வேண்டிய முதல் விஷயம் உள்ளே இல்லை. அது உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி எஃகு. அதன் அடியில் காந்தம். காந்தத்தைச் சுற்றி, 0.06 மில்லிமீட்டர் தடிமனே உள்ள செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இதுதான் பிக்கப். எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும். புலம் ஆடினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே விஷயம். மெல்ல மீட்டினால் சில பத்து மில்லிவோல்ட், ஓங்கி அடித்தால் ஒரு கணம் அரை வோல்ட், ஒரு வோல்ட் வரை எகிறும்.

அழுத்தம் குறைவு என்பதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. அந்தச் சுருளுக்குத் தெம்பு குறைவு. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஏதோ சொல்கிறாள் என்று வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தி காதைக் கொடுத்துக் கேட்டு, அப்படியே உரக்கச் சொன்னால் வார்த்தை முழுதாக வந்து சேரும். பந்தலின் அந்தக் கோடியில் இருப்பவர் நேரடியாகக் கேட்க முயன்றால், க, ச, ட எல்லாம் காற்றில் கரைந்து வெறும் முனகல்தான் மிஞ்சும்.

கிட்டாரில் அந்தப் பந்தல் தூரம்தான் ஆம்ப் (ஒலிபெருக்கி) வரை போகும் கேபிள். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் வலை. இரண்டும் சேர்ந்து ஒரு நீண்ட மின்தேக்கியாகவே நடந்துகொள்ளும். ஒரு மீட்டருக்குத் தோராயமாக 100 பிகோஃபாரட். ஆறு மீட்டர் கேபிள் என்றால் 600. பிக்கப் சுருளின் தூண்டல் 2.5 ஹென்றி, அதன் சொந்தத் தேக்கம் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டு நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேபிள் இல்லாமல் அதன் ஒத்ததிர்வு, அதாவது அது மிகப் பலமாக ஒலிக்கும் இடம், 10,000 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. ஆறு மீட்டர் கேபிளைச் சேர்த்ததும் அது 3,800க்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே உள்ள ஒலி எல்லாம் மளமளவென்று தேய்ந்துவிடும்.

ஜாக் துளையிலேயே செருகும் டப்பாதான் அந்தப் பேத்தி. அதன் உள்வாசலின் மின்தடை ஒரு மெகாஓம் வரை இருக்கும். பிக்கப்பிடம் கிட்டத்தட்ட எதையும் பிடுங்காது. கேட்டதை வெளிவாசல் வழியாகத் தெம்போடு சொல்லும். அதற்குப் பிறகு பத்து மீட்டர் கேபிள் போட்டாலும் ஒலி மழுங்காது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேபிள் மழுக்குவதைக் குறை என்று நான் சொல்லவில்லை. அந்த மழுக்கலோடு கேட்டுப் பழகிய காதுக்கு, அதுதான் கிட்டார் ஒலி. கேபிள் இல்லாமல் வருவது கண்ணாடிச் சில்லு மாதிரி குத்துகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி.

இந்த இடத்தின் அருமையை அமெரிக்காவின் டான் ஆம்ஸ்ட்ராங் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஆம்பெக் நிறுவனத்துக்காகக் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் கிட்டார் வடிவமைத்தவர் அவர். 1970களில் அவர் பெயரில் சின்னச் சின்ன டப்பாக்கள் வந்தன. ஒரு முனையில் பிளக், மறுமுனையில் துளை. கிட்டாரில் செருகு, அதில் கேபிளைச் செருகு. ஆரஞ்சு ஸ்குவீசர், கிரீன் ரிங்கர், புளூ கிளிப்பர் என்று நிறத்துக்கொரு வேலை. ஆரஞ்சு, ஒலி கூடும்போது அமுக்கி, குறையும்போது விட்டுக்கொடுக்கும். யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வால்யூம் குமிழில் கை வைத்துக்கொண்டிருப்பதுபோல. கிரீன் ரிங்கர் செய்வது எனக்கு மிகவும் பிடித்த வித்தை. அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடும். ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று போன அலை, இப்போது மேடு, மேடு என்று போகும். அதே நேரத்தில் மேடுகள் இரண்டு மடங்கு. ஆகவே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். நம் வீட்டுச் சார்ஜருக்குள் ஏசியை டிசியாக்கும் அதே மடிப்பு, இங்கே சங்கீதமாகிவிடுகிறது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற வகைக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சங்கடம். அதன் ஜாக் துளை ஒரு குழிக்குள் சாய்வாக இருக்கும். அகலமான டப்பா உள்ளே போகாமல் குழியின் விளிம்பில் இடிக்கும்.

இனி புளூ கிளிப்பரின் வேலைக்கு வருவோம். தம்பி மகன் டப்பாவில் இருந்த இரண்டு டயோடின் வேலையும் அதுதான்.

டயோடு ஒரு வழிப் பாதை. அதிலும், அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால்தான் கதவைத் திறக்கும். சிலிக்கான் என்றால் 0.6 வோல்ட், ஜெர்மானியம் என்றால் 0.3 அருகில். இரண்டு டயோடுகளை எதிரெதிராக, அலை போகிற பாதைக்கும் சர்க்யூட்டின் தரைக்கும் (கிரவுண்ட்) நடுவில் பற்றவைத்துவிட்டால், அந்த அளவுக்கு மேலே நீளும் உச்சிகள் தரைக்கு வடிந்துவிடும். மலை மாதிரி இருந்த அலை, மொட்டை மாடி மாதிரி தட்டையாகிவிடும். முதலில் அலையைப் பல மடங்கு பெருக்கிவிட்டுத்தான் இந்த வெட்டு. அதனால் மீட்டிய ஸ்வரம் தேய்ந்துகொண்டே போனாலும், வெகுநேரம் வெட்டுக் கோட்டுக்கு மேலேயே இருக்கும். காதுக்கு அது தேயாமல் நின்று ஒலிப்பதாகப் படும். ராக் கிட்டார் வயலின் மாதிரி இழுப்பதன் ரகசியம் இதுதான்.

அவனுக்கு இரண்டு வகை டயோடையும் காட்டிவிட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் கன்னடத்தில் ஆரம்பித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார். வேலூர்ப் பக்கமாம். “ஜெர்மானியம் டயோடா? ரேடியோக்காரங்க வாங்கின காலம் போச்சு சார். இருங்க, உள்ள பாக்குறேன்” என்று போய், மூடி உடைந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அரிசியைவிட நீளமான கண்ணாடிக் குழல்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே மயிரிழை போன்ற வளைந்த கம்பி ஒன்று ஒரு துணுக்கைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். மல்டிமீட்டரை டயோடு குறிக்குத் திருப்பி, முனைகளைத் தொட்டேன்: 0.31. பக்கத்தில் இருந்த சாதாரண சிலிக்கான் டயோடு: 0.62. “பாதிதானா?” என்றான் பையன். ஆமாம், பாதிதான். அதனால் ஜெர்மானியம் சீக்கிரமே வெட்ட ஆரம்பிக்கும்; ஆனால் சட்டென்று வெட்டாது, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து வெட்டும். முனை மழுங்கிய அந்த வெட்டைத்தான் வாசிப்பவர்கள் ‘சூடான’ ஒலி என்கிறார்கள்.

ஜெர்மானியம் இந்த ஊருக்கு அந்நியமும் இல்லை. ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1962இல் ஜெர்மானியக் குறைக்கடத்திகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதே 1962இல்தான் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற, மூன்று ஜெர்மானிய டிரான்சிஸ்டர் கொண்ட முதல் பெரிய ‘கரகர’ப் பெட்டி கடைக்கு வந்தது. நாஷ்வில்லில் ஒரு ஒலிப்பதிவின்போது ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் மேசை பழுதாகிக் கிடைத்த கரகரப்பை, க்ளென் ஸ்னாடி என்ற ஒலிப்பொறியாளர் வேண்டுமென்றே மறுபடி உண்டாக்க முயன்றதில் பிறந்தது அது.

அலையைத் தட்டையாக வெட்டினால் இனிமை எங்கிருந்து வருகிறது? கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். அதை ஸட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டினால், அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று ஒற்றைப்படை மேற்சுரங்கள் கிளம்பும். மூன்று மடங்கான 330 மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்து மடங்கான 550 அந்தர காந்தாரம். தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எந்தத் தந்தியையும் காந்தாரத்துக்குச் சேர்ப்பதில்லை. ஆனாலும் சுயம்புவாகக் காந்தாரம் கேட்கும். அதைக் கேட்கவைப்பது பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் செருகும் நூல், ஜீவாளி. நூலை அரை இழை நகர்த்தினால் தம்புரா ஊமையாகும், சரியான இடத்துக்கு வந்தால் உயிர் பெறும்.

திருச்சியில் பிறந்து, பிற்காலத்தில் பெங்களூருவிலேயே வாழ்ந்து மறைந்த சர் சி.வி. ராமன், தம்புராவையும் வீணையையும் பற்றி 1921இல் எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற புள்ளி கொண்ட மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. நம் வாத்தியங்களில் அது ஒலிக்கிறது என்று காட்டினார். காரணம், தந்தி உட்கார்ந்திருக்கும் பாலத்தின் வளைந்த முதுகு. தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. ஜீவாளியும் டயோடும் வேறு வேறு பொருள். ஆனால் இரண்டும் அலையை நேராகப் போகவிடாமல், ஓர் எல்லையில் தட்டித் திருப்புகின்றன. புதுச் சுரங்கள் பிறப்பது அந்தத் தட்டலில்தான்.

இதையே இன்னும் கொஞ்சம் தோண்டினால் ராக் வாசிப்பவர்கள் ஏன் ஸ-ப என்று இரண்டே சுரங்களில் நிற்கிறார்கள் என்பதும் புரியும். வெட்டப்படும்போது இரண்டு சுரங்களின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும். 110, 165: வித்தியாசம் 55. அது கீழ் ஸட்ஜம். இல்லாத ஒரு தந்தி கீழே சேர்ந்து அதிர்வதுபோல் கேட்கும். நடுவில் காந்தாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தம்புரா தரும் சுத்தமான காந்தாரம் இந்த ஸ்தாயியில் 137.5. ஆனால் கிட்டாரின் உலோகப் படிகள் சம இடைவெளிக் கணக்கில் அடித்தவை, அது 138.6 தருகிறது. இப்போது ஸ-கவின் வித்தியாசம் 28.6, க-பவின் வித்தியாசம் 26.4. இரண்டும் ஒத்துப்போகாமல் ஒன்றோடொன்று மோதும். மேலே பிறக்கும் சுரங்களிலும் இதே மோதல். சேறு கலக்கிய மாதிரி இருக்கும். காந்தாரத்தை விட்டுவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும்.

ஹெட்போனில் கேட்க இன்னொரு சர்க்யூட் வேண்டும், அதுதான் பலரும் மறப்பது. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவர ஒலிப்பதே இல்லை. டயோடு கிளப்பிவிடும் கூர்மைகளை அது வடிகட்டிவிடும். ஹெட்போன் அப்படியில்லை, எல்லாவற்றையும் ஒலிக்கும், அப்பளம் பொரிகிற மாதிரி இருக்கும். ஆகவே ஸ்பீக்கரைப் போல் நடிக்கும் ஒரு வடிகட்டி டப்பாவுக்குள் இருந்தாக வேண்டும். 1982இல் டாம் ஷோல்ஸ் என்ற கிட்டார் கலைஞர், எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், இடுப்பில் மாட்டும் ராக்மேன் என்ற பெட்டியில் இதைச் செய்தார். வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப்பிளக் என்ற டப்பா, இரண்டு சிறிய பேட்டரிகளோடு அதை ஜாக் துளைக்கே கொண்டுவந்துவிட்டது. கம்பியில்லா ஹெட்போனை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். சாதாரண புளூடூத்தின் தாமதம் 150 மில்லிநொடி என்றால், ஐம்பது மீட்டர் தள்ளி வைத்த ஆம்பிலிருந்து ஒலி வந்து சேரும் நேரம் அது. தாளம் தப்பிவிடும்.

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் தம்பி மகனின் ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று இருந்த ஹம் ‘ஸ்ர்ர்ர்’ என்று மாறிவிடும். டப்பா பேட்டரியில்தானே ஓடுகிறது என்று குழம்பினான். பிக்கப் ஒரு சுருள். சுவருக்குள் ஓடும் வயரின் காந்தப்புலத்தையும் அது பிடிக்கும். மின்வாரியம் தருவது வழுவழுப்பான 50 ஹெர்ட்ஸ் அலை. எங்கள் பழைய இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதில் 150, 250, 350 என்று ஒற்றைப்படைகள் எல்லாம் இருக்கும். டயோடு கிட்டாருக்குச் செய்வதைத்தான் இன்வெர்ட்டர் கரண்டுக்குச் செய்கிறது.

கேபிள் செருகி ஓட்டும் டப்பாக்களில் பேட்டரிக்குப் பெரும்பாலும் தனி சுவிட்ச் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் செருகும் துளையில் கூடுதலாக ஒரு தகடு இருக்கும். பிளக் உள்ளே போனதும் அது தரையோடு சேர்ந்து சர்க்யூட் முழுமையாகும். அதாவது கேபிளே சுவிட்ச். ஒரு டிரான்சிஸ்டர் டப்பா ஒரு மில்லிஆம்பியர் தின்றால், 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 9 வோல்ட் பேட்டரி 500 மணி நேரம் வரும். இருபது நாள் சொச்சம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேபிளைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சாமான்களோடு, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த இரண்டு ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களை வைத்து நாங்களே ஒரு டப்பா செய்தோம். டிசம்பரில் அருமையாகப் பாடியது. மே மாதம் சென்னையில் உறவினர் வீட்டு மாடியில் வாசித்தபோது தொண்டை கட்டிக்கொண்டது. பத்து டிகிரி சூடு ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். டிரான்சிஸ்டர் தன் நடுநிலையை விட்டு நழுவிவிடும். இப்போது உள்ளே ஒரு சின்ன பிரீசெட், திருகி மாற்றக்கூடிய மின்தடை, வைத்திருக்கிறேன். மீட்டரில் 4.5 வோல்ட் காட்டும்வரை திருகுப்புளியால் திருப்ப வேண்டும். ரயிலில் ஏறும்போது தம்பி மகன் கிட்டார் பையில் திருகுப்புளியையும் மறக்காமல் வைத்துக்கொள்கிறான்.