தம்பதியரில் ஒருவருக்கு எச்.ஐ.வி.: அரசு மையத்தில் கேட்டுப் பெற வேண்டியவை

எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தவறாமல் போய் மாத்திரை வாங்கி வருபவர்களில் பலர், தாம்பத்தியம் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதைப் பேசவும்தான் அங்கே ஆலோசகர் இருக்கிறார். கணவன் மனைவி இருவருமே போய் உட்காரலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004-இல் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. 2017 முதல், சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியானவர் எல்லோருக்கும் மருந்து உண்டு. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையும் இலவசம். மாத்திரையை வாங்கி வருவதோடு நிற்காமல், அந்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று கேளுங்கள். தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலை நீடித்தால் உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது. பயந்து பயந்து விலகிப் படுக்கும் எத்தனையோ தம்பதிகளுக்கு இதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த நிலை வரும்வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை வேண்டும். மையத்திலேயே இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் இற்றுக் கிழிந்துவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல் போதும். கிழிந்துவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொற்றில்லாத துணைக்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்தத் துணை, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வதும் அவசியம். பிறப்புறுப்பில் புண், வெள்ளைப்படுதல், எரிச்சல் இருந்தால் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள். குழந்தை வேண்டுமென்றால் முயற்சிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது. தொற்று பரவாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பது தொற்றுள்ளவரின் கடமை. ஆலோசனை சொல்லியும் துணையிடம் அவர் சொல்லமாட்டார் என்று உறுதியானால், அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். ஆனால் தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதைக்கோ கைவிடப்படவோ ஆளாவார் என்ற நியாயமான அச்சம் இருந்தால், அவர்களும் சொல்லக்கூடாது. தொற்றைக் காரணம் காட்டி அவரைப் புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றவும் முடியாது. அங்கே வசிக்கும் உரிமையை இதே சட்டம் தருகிறது.