முதல் குழந்தைக்கும் அடுத்ததுக்கும் நடுவே

தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே பெரும்பாலும் ஆபரேஷன்தான். 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 49.4 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தார்கள். 2019-21இல் அது 57.8 ஆனது. இந்திய அளவில் 37.9தான்.

இனி குழந்தை வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்தவர்களுக்கு இது நல்ல வழி. மகப்பேறு மருத்துவராக என் கவலை அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றியது. கைக்குழந்தை தவழத் தொடங்குவதற்குள் மறுபடி கர்ப்பமாகி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "பால் கொடுத்துட்டுதான் இருக்கேன், இன்னும் பீரியட்ஸே வரல டாக்டர்" என்பார்கள். பீரியட்ஸ் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். சிசேரியன் தையல் உள்ளே உறுதிப்படவும், இரத்தசோகை தீரவும் உடம்புக்கு அவகாசம் வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த இடைவெளிக்கு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். சிசேரியன் என்றால் அப்போதே. "அது நெஞ்சுக்கு ஏறிடுமாமே" என்று மாமியார்கள் பயப்படுவார்கள். அப்படி ஏறாது. ஆனால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம், சிலருக்குத் தானாக வெளியே வந்துவிடலாம். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அந்தரா என்ற கருத்தடை ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பீரியட்ஸ் தாறுமாறாகும், நின்றும் போகலாம். அதனால் கெடுதல் இல்லை. நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதங்கள் பிடிக்கும். சாயா என்ற கருத்தடை மாத்திரை லக்னோ ஆய்வகத்தில் உருவானது, ஹார்மோன் இல்லாதது, பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மூன்றுமே அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சரி, ஆண்கள்? கணவர் ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் நாடு முழுக்க 0.3 சதவீதம்தான். "அவர் வெயிட் தூக்குற வேலை பாக்குறவர் டாக்டர், எனக்கே பண்ணிடுங்க" என்று மனைவியே சொல்லும்போது மனம் வலிக்கிறது. ஆண்களுக்கான கத்தியில்லாச் சிகிச்சையில் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மையும் குறையாது, உழைக்கும் தெம்பும் குறையாது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை மட்டும் ஆணுறை தேவை.

இதையெல்லாம் பிரசவ வலியில் துடிப்பவரிடம் கேட்டுக் கையெழுத்து வாங்குவது நியாயமே இல்லை. ஏழாம் மாதச் செக்கப்புக்குக் கணவரையும் கூட்டி வாருங்கள், அப்போதே உட்கார்ந்து பேசிவிடலாம்.