தலையில் இல்லாத தலைப் புற்றுநோய்

கொழும்பில் ஒரு வைத்தியசாலைக் கிளினிக். பக்கத்தில் இருந்த கொட்டாஞ்சேனை ஐயா ஒருவர், கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை என்னிடம் நீட்டினார். ‘தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. “தம்பி, எனக்கு வாயிலதானே புண். இது மண்டையில கட்டி வந்த ஆக்களுக்கு, என்ன?” என்றார். நான் வாய் திறக்குமுன் அதை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டார். அவர் பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. அந்தத் தாள் அவருக்காகவே அச்சடித்தது.

புற்று என்றால் கறையான் புற்று. அரித்துக்கொண்டே மேடாக வளர்வது. கிரேக்கர் இதே நோயில் நண்டைக் கண்டு ‘கார்க்கினோஸ்’ என்றார்கள், அது லத்தீனில் ‘கான்சர்’ ஆயிற்று. நம் கடக ராசியும் அதே நண்டுதான். சரி, புற்றில் பிழையில்லை. பிழை தலையில் இருக்கிறது.

வைத்தியர்கள் இந்தப் பெயரில் அடக்குவது வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்பகுதி, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றில் வருபவற்றை. மூளைக் கட்டி இதில் சேராது. ஆனால் தமிழில் தலை எது? தலைக்கு எண்ணெய் வைக்கிறோம், தலை சீவுகிறோம், தலைக்குக் குளிக்கிறோம். முகம் கழுவினால் அது தலைக்குக் குளித்தது ஆகுமா? வாய்க்குள் வந்த புண்ணைத் தலையில் வந்தது என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொன்னதில்லை. ‘ஆங்கில மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்பார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். மூலம் வைத்தியருக்கு எழுதியது, பிரசுரம் நோயாளிக்கு. ‘சிரசு’ என்று மாற்றுவதாலும் ஒன்றும் ஆகாது, அதுவும் தலைதான்.

நான் எழுதுவது ‘வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்கள்’. மூக்கு விடுபடுகிறதே என்றால், முதல் வரியில் சேர்த்துவிடலாம். இலங்கை ஆண்களிடம் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய். வாய் முதலில் வரட்டும்.

அதே பிரசுரத்தில் ‘நோயாளர்களிடையே புற்றுநோய் வடிவங்கள்’ என்று ஓர் உபதலைப்பு. கட்டி உருண்டையா தட்டையா என்று சொல்லப்போகிறார்களோ என்று பார்த்தேன். ஆங்கிலத்தின் ‘பேட்டர்ன்’தான் இங்கே வடிவமாகியிருக்கிறது. சொல்ல வந்தது யாருக்கு, எந்த இடத்தில், எதனால் வருகிறது என்பதை. அதற்குப் ‘போக்கு’ இருக்கிறதே! இந்தப் போக்கு ஊருக்கு ஊர் வேறு: தென் சீனாவில் மூக்கின் பின்பக்கத் தொண்டை, அமெரிக்காவில் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸால் வரும் நடுத்தொண்டைப் புற்று, நம் பக்கத்தில் வெற்றிலை போடுபவரின் கன்னத்து உட்பக்கமும் நாக்கும். “நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்” என்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கையே புற்றுநோய்க் காரணியாகச் சேர்த்துவிட்டது.

அப்புறம் அந்த ‘மற்றும்’. ‘தலையும் கழுத்தும்’ என்று ‘உம்’ போட்டால் முடியும் வேலைக்கு, இரண்டு சொல்லுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் அதைச் செருகுகிறார்கள். அரசாங்கச் சுற்றறிக்கையிலிருந்து மருந்துப் பெட்டி வரை இதே கதை.

கதிரையில் கிடந்த தாளை எடுத்து, தலைப்பை வெட்டிவிட்டு, ‘வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணா?’ என்று பேனாவால் எழுதி ஐயாவிடம் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டார்.