பழைய அயன் செட்டில் பழி போடுமுன் காலுக்குக் கீழே பாருங்கள்

இந்த மாதமும் ஒருவர் புது செட் வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். முழங்கை நோவு தொடங்கியது பழைய கோல்ஃப் அயன் செட்டில், அதாவது பந்தடிக்கும் இரும்புத் தலைக் கோல்களில். அதற்கு மருந்து புது செட் என்று மருமகன் சொல்ல, லட்சக்கணக்கில் கொடுத்துக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருக்கிறார். இரண்டு கிழமையில் நோவு இன்னும் கூடிவிட்டது. பிசியோதெரபி என்று ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

“மகள், நாப்பது வருசத்து இரும்பு. அதுதான் கை இப்படி உளையுது எண்டு நினைச்சன்” என்றார். இதே கதையைக் கல்லடியிலும் கேட்டுவிட்டேன், கல்முனையிலும் கேட்டுவிட்டேன். போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நம் மட்டக்களப்புப் பக்கத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் அதிகம் இல்லை. கனடா, லண்டனில் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர்கள் சிலர். டுபாயில், கட்டாரில் ஹோட்டல் வேலை செய்த இடத்தில் ஆட்டம் பழகிவந்த தம்பிமார் சிலர். எப்போதாவது A15 வீதியால் ஏறித் திருகோணமலைச் சீனன்குடா விமானப்படை கோல்ஃப் மைதானத்துக்குப் போவார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டு வளவுதான். கார்கோ பெட்டிக்குள் வந்திறங்கிய பழைய செட்டுகளில் நான் அடிக்கடி காண்பது பிங் கம்பனியின் ஐ 2.

அந்தச் செட்டைக் குறை சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் உருவாக்கிய நிறுவனம் 1982இல் இறக்கிய அயன் அது. தலையின் எடையை நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தள்ளி, பின்பக்கத்தைக் குழியாக விட்டார்கள். பந்து ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது, கையில் ஏறும் ‘விண்’ என்ற அடியும் குறையும். முழங்கையைப் பொறுத்தவரை, கத்தி போல மெலிந்த பழைய பிளேட் அயன்களைவிட இது எவ்வளவோ இரக்கமான சாமான். 2010இல் அயன் முகத்தில் இருக்கும் பள்ளக்கோடுகளுக்குப் புதிய விதி வந்தபோது, 1990 ஏப்ரலுக்கு முன் செய்த ஐ 2 மட்டும், விதி வகுக்கும் சங்கத்தோடு பிங் முன்பே செய்த ஒப்பந்தத்தின்படி தப்பியது. அமெரிக்க ஆட்டக்காரர் பில் மிக்கல்சன் அந்த ஆண்டு இதன் வெட்ஜை (பந்தை உயரத் தூக்கி அடிக்கும் குட்டை அயனை) எடுத்துக்கொண்டு போட்டிக்கு இறங்க, பெரிய சண்டையே கிளம்பியது. உலகத் தரத்து ஆட்டக்காரர் தேடி எடுத்த இரும்பு உங்கள் முழங்கையை மட்டும் கெடுக்குமா?

சரி, கெடுப்பது எது?

வளவில் எங்கே நின்று அடிக்கிறீர்கள் என்று அந்த ஐயாவிடம் கேட்டேன். போனில் படம் காட்டினார். சிமெந்து முற்றம். அதன்மேல் விரல் தடிப்புக்கூட இல்லாத பிளாஸ்டிக் புல் பாய். எதிரே மீன்வலை. பக்கத்தில் ஒரு வாளி பந்து.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஒருவரும் நம்புவதில்லை. உண்மையான புல்தரையில் பந்துக்குப் பின்னால் மண்ணில் அடித்தால் அயன் மண்ணைக் கிள்ளிக்கொண்டு போகும். பந்து பத்தடியில் விழும், உங்களுக்கு வெட்கமாக இருக்கும், அடுத்த தடவை திருத்திக்கொள்வீர்கள். பாயில் அப்படி இல்லை. தலை பாயில் மோதி வழுக்கிப் போய்ப் பந்தை அடிக்கும். பந்தும் நேராக வலைக்குள் போகும். நல்ல அடி என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அதற்கு முன்பே தலை சிமெந்தில் மோதிவிட்டது. சிமெந்து அசையாது, இரும்பு வளையாது. மிச்சம் முழுவதையும் வாங்குவது மணிக்கட்டும், முழங்கை எலும்பில் ஒட்டியிருக்கும் தசைநாரும். ஒரு வாளிப் பந்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். செட்டை மாற்றிவிட்டு அதே பாயில் நின்று அடித்தால் நோவு எப்படிக் குறையும்? புது செட் வந்த சந்தோசத்தில் இரண்டு வாளி அடிப்பீர்கள், அதனால்தான் கூடுகிறது.

இரண்டாவது குற்றவாளி கிரிப், கையால் பிடிக்கும் இடத்து றப்பர் உறை. இரும்புக்கு வயதில்லை, றப்பருக்கு உண்டு. நம் ஊர் வெயிலில் கார் டிக்கிக்குள் கிடந்த கிரிப் காய்ந்து, கண்ணாடி போல மினுங்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாவிட்டால் அது செத்த றப்பர். வியர்வைக் கையில் வழுக்கும், வழுக்கினால் உங்களை அறியாமலே இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கிப் பிடிக்கும் தசைகளில் பல முழங்கையில்தான் தொடங்குகின்றன. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் வழுக்கினால் கிரிப்பை மாற்றுங்கள். பழையதை வெட்டி எடுத்து, இருபக்க டேப் சுற்றி, டர்பன்டைன் விட்டுப் புதியதை வழுக்கி ஏற்றுகிற வேலைதான். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

நோவு எங்கே என்பதையும் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் இடது முழங்கையின் வெளிப்பக்கம் பிடிக்கும், உட்பக்க நோவு வலது கையில் வரும். இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மேலே தூக்கிவிட்டு, மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். வெளிப்பக்க நோவென்றால் உள்ளங்கை கீழ்நோக்கி, உட்பக்கமென்றால் மேல்நோக்கி. சும்மா படுத்திருந்து ஓய்வெடுத்தால் தசைநார் பலப்படாது. இரண்டு மூன்று மாதம் எடுக்கும். “ஊசி ஒண்டு போட்டா முடிஞ்சுதே?” என்று கேட்பார்கள். ஸ்டீரோயிட் ஊசி சில கிழமைகளுக்கு அற்புதமாக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முக்கியமாக வெளிப்பக்க நோவில், ஊசி போடாதவர்கள்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள்.

இரண்டு விசயத்தில் மட்டும் என்னிடம்கூட வராமல் நேரே வைத்தியரிடம் போங்கள். சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால் ஒன்று, அது நரம்பு. மற்றது, தரையில் ஓங்கி அடித்த பிறகு சின்ன விரல் பக்க உள்ளங்கை அடிப்பகுதியில் நோவு நின்றால். அங்கே கொக்கி போல ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அயனின் கைப்பிடி நுனி அதில்தான் குத்தும், உடைந்தாலும் சாதாரண எக்ஸ்-ரேயில் பல தடவை தெரியாது. “எக்ஸ்-ரேயில் ஒண்டும் இல்ல” என்று மாதக்கணக்கில் தைலம் பூசிக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறேன். கோல்ஃப் ஆடுவேன் என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான கோணத்தில் எக்ஸ்-ரேயோ சி.ரி. ஸ்கானோ எடுப்பார்.

பழைய செட் வாங்கலாம், தாராளமாக வாங்குங்கள். பிங் என்றால் தலையில் இருக்கும் நிறப் புள்ளியைப் பாருங்கள், தண்டு தரையிலிருந்து எழும்பும் கோணத்தை அது சொல்லும். கறுப்பு சாதாரணக் கோணம், நீலம், பச்சை, வெள்ளை என்றால் செங்குத்தாக நிற்கும், சிவப்பு என்றால் படுத்திருக்கும். ஒரே செட்டுக்குள் இரண்டு நிறம் இருந்தால் யாரோ கூட்டி அள்ளிச் சேர்த்த செட். தலையும் ஷாஃப்ட் என்ற தண்டும் சேரும் இடத்துக் கறுப்பு வளையம் விலகியிருந்தால், குலுக்கும்போது உள்ளே கலகலத்தால், அடிக்காதீர்கள். வாவிக் காற்றும் கடற்காற்றும் ஸ்டீல் ஷாஃப்டை உள்ளிருந்தே தின்னும். டிக்கிச் சூடு பசையை இளக்கும். தலை கழன்று பறந்தால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளைப் பின்னால் நிற்கவிடாதீர்கள், வீசும் அயன் தலையில் பட்டு மண்டை ஓடு உடைந்த பிள்ளைகள் உலகம் முழுவதும் உண்டு. கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் சனம் நடக்கும் நேரத்தில் பந்தடிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று, இது என் துறையில்லை. செம்பு நிறத்தில் மினுங்கும் ஐ 2 கிடைத்தால் அதில் பெரிலியம் கலந்திருக்கும். ஆடுவதால் ஒன்றும் ஆகாது. பட்டறையில் கொடுத்து அராவவோ கிரைண்டர் போடவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். பட்டறைத் தம்பிக்கு இது தெரிந்திருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாய்க்குக் கீழே தடித்த றப்பரோ மணலோ போடுங்கள், முடிந்தால் பாயை விட்டு மண்ணுக்கே இறங்குங்கள். வாளியைப் பாதியாக்குங்கள். நோவு நிற்கவில்லையென்றால் வாருங்கள், வரும்போது நீங்கள் அடிக்கும் அயனில் ஒன்றையும் கொண்டுவாருங்கள். ஏழாம் நம்பர் போதும். அந்தக் கையோடு முழுப் பையையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதீர்கள்.