லேசிக்கின்போது வரும் அந்த வாசனை

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். போன மாதம் லேசிக், அதாவது லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் சிகிச்சை, செய்துகொண்டாராம். லேசர் டிக் டிக்கென்று ஓடியபோது முடி பொசுங்குவதுபோல் ஒரு நாற்றம். “என் கண்ணைச் சுட்டுவிட்டார்களா?” என்று கேட்கிறார்.

சுடவில்லை. அந்த லேசரின் அழகே அதில்தான் இருக்கிறது.

மற்ற படிகள் பலருக்கும் தெரிந்தவை. கருவிழியின் மேல் சுமார் 100 மைக்ரான் கனத்தில் மெல்லிய மூடி ஒன்றைக் கீறித் திருப்பி வைப்பார்கள். அடியில் செதுக்கிவிட்டு மூடியைப் பழையபடி படிய வைப்பார்கள். கிட்டப்பார்வை என்றால் நடுவில் கொஞ்சம் தட்டையாக்க வேண்டும், அவ்வளவுதான்.

செதுக்குவது எக்ஸைமர் லேசர். அலைநீளம் 193 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. இதன் ஒரு ஃபோட்டானில், அதாவது ஒளித்துகளில், 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. திசுவில் இரண்டு கார்பன் அணுக்களைக் கட்டியிருக்கும் முடிச்சை அவிழ்க்க ஏறக்குறைய 3.6 போதும். அதனால் ஒளி பட்டதும் முடிச்சுகள் நேராக அறுந்துவிடுகின்றன. கருகுவதற்கு நேரமே இல்லை. அறுந்த துணுக்குகள் வெப்பத்தில் பெரும்பகுதியையும் அள்ளிக்கொண்டு பீறிட்டுப் பறந்துவிடும். பக்கத்துத் திசுவுக்குச் சேதியே தெரியாது! ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் போகும். மைனஸ் 3 பவருக்கு நடுவில் மொத்தம் 36 மைக்ரான் போல, அதாவது ஒரு தலைமுடியின் பாதிப் பருமன். உங்கள் மூக்குக்கு எட்டியது அந்தத் துணுக்குகளின் வாசனை.

இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஐபிஎம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் இந்த லேசரைப் பாய்ச்சினார். கத்தியால் சீவியதுபோல் சுத்தமான பள்ளம் விழுந்தது. அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் பிறகு பச்சை லேசரையும் பாய்ச்சி ஒப்பிட்டார்கள். அது பட்ட இடம் கருகிப்போனது. கண் மருத்துவமனை அல்ல, கணினி நிறுவனத்தின் ஆய்வகம் அது. “இதனால் என்ன லாபம்?” என்று முதல் நாளே கேட்காமல் பணம் கொடுக்கும் மனசு நம் ஊரிலும் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

சரி, கண் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூடியைக் கீறும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. ‘காய்கிறேன்’ என்று கண் சொல்லும் தகவல் சரியாகப் போவதில்லை, கண்ணீரும் குறைகிறது. நரம்பு திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். ஏசி அறையில் நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் பெங்களூரு வேலையில் இமைப்பதும் குறைவு.

அம்மா குளிர்ச்சிக்கு விளக்கெண்ணெய் விடச் சொல்கிறாராமே. அவருடைய அக்கறை புரிகிறது, ஆனால் வேண்டவே வேண்டாம். மூடியின் விளிம்பு ஒரு நாளில் ஒட்டிக்கொண்டாலும் உள்ளே பிடிப்பு இன்னும் பலவீனம்தான். வீட்டு எண்ணெயோடு கிருமியும் போகலாம். மருத்துவர் கொடுத்த செயற்கைக் கண்ணீர் போதும். கண்ணைக் கசக்காதீர்கள். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.