கொம்பிலிருந்து பிறந்த பசு

பசுவை ரஷ்யர்கள் ‘கொரோவா’ என்றும், போலந்துக்காரர்கள் ‘க்ரோவா’ என்றும், செக், செர்பிய, பல்கேரிய மொழியினர் ‘க்ராவா’ என்றும் அழைக்கின்றனர். இவை அனைத்துக்கும் தாயான ஆதி சிலாவியச் சொல் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. மொழியியலாளர்கள் அதை ‘*கொர்வா’ என மீட்டமைக்கிறார்கள். முன்னால் நிற்கும் உடுக்குறி, அது ஊகித்தறிந்த வடிவம் என்பதற்கான அடையாளம்.

மீட்டமைப்புக்கு ஆதாரம், கிளைமொழிகள் வேறுபடும் விதத்தில் உள்ள ஒழுங்குதான். மெய்யில் முடியும் அசைகளைச் சிலாவியம் ஒரு கட்டத்தில் தவிர்க்கத் தொடங்கியது. ‘கொர்-வா’வின் முதல் அசை அப்படிப்பட்டது என்பதால், ரஷ்ய மொழி ரகரத்துக்குப் பின்னும் ஓர் உயிரைச் சேர்த்தது, போலிஷ் ரகரத்தை உயிருக்கு முன்னால் நகர்த்தியது, செக்கும் தெற்கத்திய மொழிகளும் அவ்வாறே நகர்த்தியதோடு உயிரையும் ஆகாரமாக்கின. இம்மாற்றத்தின் காலத்தைக் கணிக்க, கி.பி. 814இல் இறந்த பேரரசர் சார்லிமேன் உதவுகிறார். ‘கார்ல்’ என்ற அவர் பெயரே சிலாவியத்தில் ‘அரசன்’ என்று பொருள்படும் சொல்லாயிற்று என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அச்சொல் ரஷ்யத்தில் ‘கொரோல்’, போலிஷில் ‘க்ருல்’, செக்கிலும் செர்பியத்திலும் ‘க்ரால்’. பசுவுக்கு நேர்ந்த அதே மாற்றம் அரசனுக்கும் நேர்ந்திருப்பதால், அப்பெயர் சிலாவியரை எட்டியபோது இம்மாற்றம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், ‘கொம்பு’, ‘தலை’ என்ற பொருள்களைத் தந்த இந்தோ-ஐரோப்பிய (சிலாவியம், லத்தீன், சமஸ்கிருதம் முதலியவற்றின் தாய்மொழி) வேர் ஒன்றை அடைகிறோம். ‘கொம்புடையது’ என்ற சொல் அதிலிருந்து பிறந்து, லத்தீனிலும் வெல்ஷிலும் மானைக் குறித்தது. சிலாவியத்திலோ பெண்பாலுக்குரிய ஆகார ஈறு ஏற்றுப் பசுவானது. நாம் வழங்கும் ‘சிரம்’, ‘சிருங்கம்’ என்ற வடசொற்களும் அவ்வேரின் வழிவந்தவையே. ரிஷ்யசிருங்கரைக் கம்பர் ‘கலைக்கோட்டு முனிவர்’ என்றபோது, ‘கோடு’ என்று பெயர்த்தது இந்தக் கொம்பைத்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேரின் முதலெழுத்தான மென்மையுற்ற ககரம் (நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழ ஒலிப்பது), லத்தீனில் ககரமாகவே நின்றது. சமஸ்கிருதத்திலும் சிலாவியத்திலும் சகர இன ஒலியாக மாறியது. நூறு என்பதற்கு லத்தீன் ‘கெந்தும்’ என்னும். சமஸ்கிருதம் ‘சதம்’ என்னும். ரஷ்யம் ‘ஸ்தோ’ என்னும். ஆகவே பசு ‘*சொர்வா’ ஆகியிருக்க வேண்டும். அவ்வேரிலிருந்தே வந்த சிறுமானின் பெயர் போலிஷில் ‘சர்னா’, செக்கில் ‘ஸ்ர்னா’ என விதிப்படியே அமைந்திருக்கிறது. கி.பி. 1400ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 800 சொற்களே கொண்ட எல்பிங் சொற்பட்டியலில், சிலாவியத்துக்கு நெருங்கிய உறவான, இன்று வழக்கொழிந்த பழைய பிரஷ்ய மொழியின் ‘சிர்விஸ்’ (மான்), ‘குர்விஸ்’ (எருது) இரண்டுமே காணப்படுகின்றன. ஒரே வேர், ஒரே பட்டியல், இரண்டு முதலெழுத்துகள்!

ரகரத்தை ஒட்டி நின்றபோது ககரம் தன் மென்மையை இழந்தது என்பது ஒரு விளக்கம். ககரத்தைக் காத்த அயல்மொழி ஒன்றிலிருந்து பசுவின் பெயர் கடனாக வந்தது என்பது மற்றொன்று. அந்த அயல்மொழி இன்னதென்று ஐயமறக் காட்டப்படாத வரையில், எனக்கு முதல் விளக்கமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

பசுவைக் குறிக்கும் சமஸ்கிருத ‘கௌ’வுக்கு இனமான பழைய சொல்லும் சிலாவியத்தில் அடியோடு மறையவில்லை. ‘*கொவேந்தோ’ என அது மாட்டினம் முழுவதையும் குறித்தது. மாட்டிறைச்சிக்கு ரஷ்யர்கள் வழங்கும் ‘கொவ்யாதினா’ அதன் வழிவந்த சொல்.